உயிரோடிருந்த கணவர்கள்

“அவரு உசுரோட இருக்காருங்க” என்றார் அந்தப் பெண். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அலுவலகத்தில் இருந்த நாங்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தோம். எங்கள் மேசைக்கு முன்னால் நின்று அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. குமாரபாளையத்தில் விசைத்தறிப் பட்டறையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக நாமக்கல் பஸ் ஏறியிருந்தார் போல. தலைமுடியில் பஞ்சுத் தூசி அப்படியே இருந்தது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில் அவருடைய மகள், அம்மாவின் முந்தானையைப் பிடிக்கிற வயதைத் தாண்டிவிட்டவள், ஆனாலும் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எங்கள் மேடம் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தார். மூன்று பேரும் நின்ற இடத்தை இன்றைக்கும் என்னால் காட்ட முடியும்.

நான் அப்போது அந்த நலத்திட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தகப்பன் ஆதரவில்லாத ஏழைப் பிள்ளைகள் படிப்பை நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக மாதாமாதம் தாயின் வங்கிக் கணக்கில் ஓர் உதவித்தொகை போடுவது எங்கள் வேலைகளில் ஒன்று. நல்ல திட்டம்தான். ஆனால் ஆதரவில்லை என்பதை நிரூபிக்க அதில் இரண்டே வழிகள் வைத்திருந்தார்கள். தகப்பன் இறந்திருந்தால் இறப்புச் சான்று. விட்டுவிட்டுப் போயிருந்தால் நீதிமன்றத் தீர்ப்பு. ஓடிப்போனவனைத் தேடிப் பிடித்து, வக்கீல் வைத்து, தீர்ப்பு வாங்க முடிகிற பெண் எங்களிடம் எதற்கு வரப்போகிறாள் என்று அந்த விதியை எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வடக்கே போகின்றன. அதில் வேலைக்குப் போகிற ஆண்களில் சிலர் போன இடத்தில் இன்னொரு குடும்பத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். முதலில் பணம் வருவது நிற்கும், பிறகு போன் எடுப்பது நிற்கும். வேறு சிலர் உண்மையாகவே அங்கே விபத்தில் இறந்துபோய், சான்று வாங்கக்கூட நாதியில்லாமல் குடும்பங்கள் தவிக்கும். அப்படிப்பட்டவர்களுக்காக விதியில் ஒரு சலுகை இருந்தது. வெளிமாநிலத்தில் இறந்துவிட்டார் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழி எழுதிக்கொடுத்தால் போதும்.

அந்தச் சலுகைதான் எல்லோருக்கும் வாசலாகிவிட்டது. அலுவலகத்துக்கு எதிரில் நகல் எடுக்கும் கடையில் ஒருவர் இருந்தார். அவரிடம் போனால், எங்கேயோ லாரிக்கடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கும் கணவன் மதியத்துக்குள் நாக்பூரிலோ ராய்ப்பூரிலோ செத்துப்போவான். எங்களுக்கு அது தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். பிள்ளைகள் வயிற்றுக்குத்தானே போகிறது என்று கையெழுத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தேன். அதை நான் பெரிய தவறாக நினைக்கவில்லை. இப்போதும் முழுதாக நினைக்கவில்லை. தெரியாதவர் மேடம் ஒருவர்தான். மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன.

மேடம் என்றாலும் என்னைவிட வெகு இளையவர். தேர்வு எழுதி நேரடியாக அதிகாரியானவர். சேலம் அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டுப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போனார். கண்டிப்பு என்றால் அப்படியொரு கண்டிப்பு. தீபாவளிக்கு யாரோ ஓர் இனிப்புப் பெட்டியைத் தன் மேசையில் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்து, வைத்தவர் யாரென்று தெரியும்வரை அதைத் திறக்கவும் விடவில்லை, வெளியே போடவும் விடவில்லை. எறும்பு வந்து அதை எடுத்துக்கொண்டது. தேதி மாற்றிப் போட்டு ஒரு காகிதத்தை நீட்டினால் போதும், முகம் சுண்டிவிடும். அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெண்ணின் முன்னால் அவர் வந்து நின்றபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

“எங்க இருக்கார்மா?” என்று கேட்டார்.

“எங்கன்னு தெரியலீங்க. இவ சின்னப்புள்ளையா இருக்கறப்ப ரிக் வண்டியில போனாரு. கூடப் போனவரு ஒருத்தரு பாத்ததாச் சொன்னாருங்க. அங்கயே குடும்பமாகிட்டாராமா.”

“கோர்ட் தீர்ப்பு ஏதாவது இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்படின்னா விதிப்படி குடுக்க முடியாதும்மா.”

அந்தப் பெண் அழவில்லை. கொண்டுவந்த காகிதங்களை மடித்து மகளிடம் கொடுத்தார். “தெரியுமுங்க. செத்துட்டாருன்னு எழுதித் தாரேன்னு வெளிய ஒருத்தரு சொன்னாரு. எங்க தெருவுலயே அப்புடி வாங்கறவங்க இருக்காங்க. அவங்களை நான் தப்பு சொல்லலீங்க, புள்ளைகளுக்குச் சோறு போடோணுமில்ல. எனக்கு வாய் வரலீங்க. இவ அப்பனை நானே கொன்னாப்புல ஆயிரும். ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமுன்னு வந்தேன். வாரேனுங்க.”

“எந்தத் தெரு? யாரெல்லாம் அப்படி வாங்கறாங்க?” என்றார் மேடம்.

“அது எதுக்குங்க மேடம்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மேடம் எங்கள் பக்கம் திரும்பிய வேகத்தை மறக்க முடியாது. எங்கள் முகங்களே போதுமானதாக இருந்தன. “இது உங்க எல்லாருக்கும் தெரியும், இல்லையா சார்?” என்று என்னைத்தான் கேட்டார். தெரியும் என்றேன். மறுநாள் காலை ஜீப்பைத் தயார் செய்யச் சொன்னார். பொய் சொன்னவர்களை நேரில் பார்த்து, உறுதிசெய்துகொண்டு, காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது என்று முடிவு செய்திருந்தார். நான் என்ன சொல்லியும் கேட்கவில்லை. “ஏழைங்கறதுக்காகப் பொய்யை விட்டுட்டா, உண்மையா செத்தவங்க வீட்டையும் நாளைக்கு ஒருத்தரும் நம்ப மாட்டாங்க” என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

குமாரபாளையத்தில் தறிச் சத்தம் இல்லாத தெருவே கிடையாது. பேசுவதென்றால் காதுக்குப் பக்கத்தில் போய்த்தான் பேச வேண்டும். ஓட்டு வீடுகள் ஒட்டி ஒட்டி இருந்த ஒரு சந்தில், கணவன் இறந்ததாகப் பதிவாகியிருந்த ஒரு வீட்டுக்குப் போனோம். தாய் பட்டறையில் இருந்தார், ஆள் அனுப்பினோம். வாசலில் ஒரு சின்னப் பெண் மட்டும், முன்பல் விழுந்த வயது, சிலேட்டில் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். மேடம் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்தும் நான் பார்த்ததில்லை. “அப்பா எங்க கண்ணு?” என்று கேட்டார்.

அந்தப் பிள்ளை சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றது. பள்ளியில் ஆய்வாளர் வந்தால் பாட்டு ஒப்பிக்க நிற்பது போல இரண்டு கைகளையும் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டது. “அப்பா செத்துப் போயிட்டாருங்க” என்று ஒரே மூச்சில் சொன்னது.

அதற்குள் தாய் ஓடி வந்துவிட்டார். மூச்சு வாங்க, ஜீப்பைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துபோய், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடம் கணவனைப் பற்றிக் கேட்கவில்லை. “பிள்ளை ஸ்கூலுக்குப் போகுதா?” என்று மட்டும் கேட்டார். போகிறாள், இன்றைக்குக் காய்ச்சல் என்று தாய் சொன்னார். நாங்கள் சந்திலிருந்து வெளியே வந்தபோது அந்தச் சின்னப் பெண் பின்னாலேயே ஓடி வந்தாள். ஜீப்பில் ஏறப்போன மேடத்தின் சேலையைத் தொட்டு, தறிச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று கொஞ்சம் கத்தியே கேட்டாள்: “அப்பா வந்தா உங்ககிட்ட வந்து சொல்லோணுமுங்களா?”

“வந்தா சொல்லு கண்ணு” என்றார் மேடம்.

மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. திரும்பும் வழியில் காவிரிக் கரையோரம் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓட்டுநருக்கும் எனக்கும் டீ சொன்னார், தனக்குச் சொல்லவில்லை. தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், “அந்தப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லக் கத்துக்குடுத்தது யார் சார்?” என்றார். அம்மாவாகத்தான் இருக்கும் என்றேன். இல்லை என்று தலையை அசைத்தார். “நம்ம ஆபீஸ் விதிதான்” என்றார்.

எனக்கு மனசு இளகிவிட்டது. இதுதான் சமயம் என்று நினைத்து, அந்த முதல் பெண்ணுக்கு ஏதாவது செய்துவிடலாம் மேடம், உறுதிமொழி ஒன்றை நாமே எழுதி வாங்கிக்கொண்டால் தீர்ந்தது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் இனிப்புப் பெட்டி ஞாபகம் வந்தது. “அந்தம்மா பொய் சொல்ல மாட்டேன்னு போனாங்க. அவங்களுக்காக நாம பொய் சொல்றதா? அவங்களுக்கே அது பிடிக்காது சார்” என்றார். கல்நெஞ்சு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். ஆனால் மறுநாள், சீருடையை வைத்து விசாரித்து, அந்தப் பெண்ணின் மகள் படிக்கும் பள்ளிக்கு அவரே போனார். பட்டறை முதலாளி முன்பணம் கொடுத்து அந்தப் பெண்பிள்ளையையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. தலைமையாசிரியையிடம் பேசி, அரசு மாணவியர் விடுதியில் இடம் கேட்டு, கிடைக்கிறவரை இரண்டு முறை மறுபடி போனார். சோறும் படுக்கையும் கிடைத்ததும் தாய் மகளை வேலைக்கு அனுப்பவில்லை. விதியை ஓரங்குலம்கூட வளைக்காமல் அதைச் செய்தார்.

புகார் கொடுக்கும் பேச்சு நின்றது. அதற்குப் பதில் ஒரு முன்மொழிவு எழுதத் தொடங்கினார். நானும் கூட உட்கார்ந்தேன். விட்டுப்போன கணவனைப் பற்றித் தீர்ப்பு கேட்பதற்குப் பதிலாக, அந்தத் தெருவிலேயே விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதுதான் அதன் சாரம். பிள்ளையின் ஆசிரியை, அந்தப் பகுதி செவிலியர், மகளிர் குழுவிலிருந்து ஒருவர் என்று சேர்ந்து போய்ப் பேசினால் ஒரு தெருவில் யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்பது அரை நாளில் தெரிந்துவிடும். தெருவுக்குத் தெரியாத ரகசியம் ஏது? அத்தோடு இன்னொன்றையும் சேர்த்தார். அதைச் சேர்க்கும்போது நான் ஆச்சரியப்பட்டேன். ஏற்கெனவே பொய்யாக எழுதிக்கொடுத்தவர்கள் வந்து திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புத் தர வேண்டும். திருத்துகிறவர்கள்மீது வழக்கு கூடாது, தகுதியிருந்தால் உதவித்தொகையும் நிற்கக் கூடாது.

ஆய்வுக் கூட்டத்தில் இதைப் படித்தபோது மேலதிகாரி ஒருவர் கோபப்பட்டார். “பொய் சொன்னவங்களுக்கு அரசாங்கம் பரிசு குடுக்கச் சொல்றீங்களா?” என்றார். மேடம் எழுந்து நின்றுதான் பதில் சொன்னார். “உண்மையைச் சொன்னவங்களுக்கு நாம இதுவரைக்கும் ஒண்ணும் குடுக்கல சார். அதை முதல்ல சரி பண்ணலாம்” என்றார். ஆட்சியர் முன்மொழிவை வாங்கி வைத்துக்கொண்டார். அது சென்னைக்குப் போனது, கேள்விகளோடு திரும்பி வந்தது, மறுபடி போனது. நடுவில் ஒருமுறை தொலைந்தும் போனது. மேடம் ஒவ்வொரு முறையும் திட்டிக்கொண்டே புதிதாக எழுதினார். அடுத்த பள்ளி ஆண்டு தொடங்கிய பிறகு, ஓர் ஊரில் மட்டும் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. அந்தச் சோதனைக்கு எடுத்துக்கொண்டது குமாரபாளையம்.

திருத்துவதற்கான நாளை ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் வைத்தோம். ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்திருந்தோம். காலையில் நாற்காலிகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒருவரும் வரவில்லை. போலீஸ் பிடிக்க வைத்திருக்கும் பொறி என்று தெருவில் பேச்சு. வெயில் ஏற ஏற நான் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மேடம் அசையாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வந்தவர் அந்தப் பெண்தான், கணவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னவர். அவருக்குத் திருத்த எதுவுமில்லை, புதிதாக விண்ணப்பிக்க வந்திருந்தார். விசாரணைக்கு எழுதிக்கொண்டோம். முடிந்ததும் காலி நாற்காலிகளைச் சுற்றிப் பார்த்தார். “ஆரும் வரலீங்களா?” என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போனார்.

தெருவில் அவர் என்ன பேசினாரோ தெரியாது. நாங்கள் கேட்டதெல்லாம் கடைசியில் வாசலுக்கு வெளியே அவர் போட்ட அதட்டல்தான். “உள்ள வாங்க புள்ளைகளா, அந்தம்மா ஒண்ணும் கடிச்சுத் திங்காது. எனக்கு இல்லைன்னு சொன்னப்பவே மூஞ்சிக்கு நேரா சொன்னவங்க, உங்களை மட்டும் ஏமாத்தவா போறாங்க!” பெண்கள் ஒருவர் முதுகுக்குப் பின் ஒருவராக வந்தார்கள். பிறகு கூடம் நிரம்பிவிட்டது.

அந்தக் கூட்டத்தில்தான் ஒருவன் வந்தான். லுங்கியும் சட்டையுமாக, இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு, மனைவிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முறை வந்ததும் மனைவி பேச்சை ஆரம்பிக்க முடியாமல் அவனைப் பார்த்தார். அவன் முன்னால் வந்தான். “நானுங்க அந்தச் செத்தவன்” என்றான்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பின்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு களுக்கென்று சிரித்தார். அது அப்படியே பரவியது. நான் மேடத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி சிரித்தார். செத்தவனும் சிரித்தான். மூன்று வருடம் காணாமல் போயிருந்து, உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்து, இப்போது தறி ஓட்டிக்கொண்டிருந்தான்.

சிரிப்பு அடங்கியதும் மேடம் பழைய குரலில் சொன்னார். “அவர் திரும்பி வந்துட்டதாலே உதவித்தொகை நின்னுடும்மா. அதை முன்னாடியே சொல்லிடறேன்.”

“நின்னா நிக்கட்டுங்க” என்றார் மனைவி. “இவரு செத்துட்டாருன்னு ரேசன் கார்டுல பேரை எடுத்துட்டாங்க. புள்ளையை ஸ்கூல்ல சேத்தப் போனா அப்பா கையெழுத்துப் போடக் கூடாதுங்கறாங்க. கண்ணு முன்னால நிக்கற மனுசனை இல்லைங்கறாங்க மேடம். இவரைத் திரும்ப உசுரோட எழுதிக் குடுங்க, அது போதும்.” அதற்கு வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டும். மேடம் அங்கேயே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்.

முன்பல் விழுந்திருந்த அந்தச் சின்னப் பெண்ணும் தாயோடு வந்திருந்தாள். பல் முளைத்திருந்தது. மேடம் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அப்பா எங்க கண்ணு?” என்று மறுபடி கேட்டார். அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா, “இருக்கறதைச் சொல்லு சாமி” என்றார். “தெரியலீங்க. இன்னும் வரலீங்க” என்றாள் பிள்ளை. இந்தத் தடவை கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்கவில்லை. மேசை மேலிருந்த ரப்பர் முத்திரையை எடுத்து உள்ளங்கையில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடம் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டார். தெரியவில்லை என்பது எங்கள் அலுவலகத்தில் ஒரு பதிலாக ஏற்கப்பட்டது அன்றுதான்.

எல்லாம் ஒழுங்காகப் போனது என்று சொல்ல மாட்டேன். சில தெருக்களில் மகளிர் குழுக்காரர்கள் தங்களுக்குப் பிடிக்காதவர்களைக் கழித்துவிடப் பார்த்தார்கள். அதற்கு மேல்முறையீடு ஒன்று வைக்க வேண்டியிருந்தது. நகல் கடைக்காரர் கொஞ்ச நாள் எங்களை முறைத்துவிட்டு, பிறகு பஸ் பாஸ் விண்ணப்பங்களுக்கு மாறிக்கொண்டார். ஆனால் விதி மாறியது. ஓர் ஊரிலிருந்து மாவட்டத்துக்கு, பிறகு அதற்கு வெளியேயும். உயிரோடிருக்கிறார் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு உதவித்தொகை வந்தது. மகள் நர்சிங் முடித்து ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள் என்று கேள்வி. மேடம் வேறு துறைக்கு, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். போகிற நாளில் நாங்கள் வாங்கி வைத்த இனிப்பில் ஒன்று எடுத்துக்கொண்டார். அதுவும், யார் யார் பணம் போட்டார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

எனக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. போன வாரம் ஒரு பெண் வந்தாள், இருபத்தைந்து வயதிருக்கும், பரமத்தி வேலூர்ப் பக்கம். இடுப்பில் குழந்தை. விண்ணப்பத்தை எங்கள் இளம் எழுத்தரிடம் நீட்டினாள். “வூட்டுக்காரர்?” என்று அவர் கேட்க, “உட்டுட்டுப் போயிட்டாருங்க, எங்க இருக்காருன்னு தெரியல” என்றாள், குடை மறந்து வந்துவிட்டேன் என்று சொல்வது போல. எழுத்தர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. கணினியில் ஏதோ ஒரு கட்டத்தைத் தட்டிவிட்டு, “வீட்டுக்கு விசாரிக்க வருவாங்க, அடுத்த வாரம்” என்றார். அறையில் வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் மட்டும் பார்த்தேன்.

அந்தப் பெண் நகரவில்லை. “அடுத்த வாரமா?” என்றாள். “ஏனுங்க, இதுக்குப் போயி ஒரு வாரமா ஆகும்? எங்க ஊட்டுக்கு வந்து பக்கத்துல கேட்டா ஆரு வேணாலும் சொல்லுவாங்க. நாளைக்கே அனுப்புங்க, நான் வேலைக்குப் போவோணும்.” நல்ல கோபம். எழுத்தர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளே பொங்கிய சந்தோஷத்தை அவரிடம் எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

மாலையில் மேடத்துக்குப் போன் செய்தேன். வெகு நாளாயிற்று. நடந்ததைச் சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்காததைச் சொன்னேன், அந்தப் பெண் கோபப்பட்டதைச் சொல்லிச் சிரித்தேன். மறுமுனையில் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை.

“அந்தப் பொண்ணு கேக்கறது சரிதானே சார்” என்றார் மேடம். “எதுக்கு ஒரு வாரம்?”